விமான நிலையத்தை மறித்த எட்டு நாட்கள்

26 ஆகஸ்ட் 2008, செவ்வாய்

பிரதமர் அலுவலகத்துக்குள் புகுந்துவிட்டோம். நாற்பத்தெட்டு வயதுத் துணிக்கடைக்காரி நான், அரசரின் நிறமான மஞ்சள் சட்டையோடு மதில் ஏறிக் குதித்தேன்! அரசரை மதிக்காத இந்த ஆட்சி ஒழியும்வரை நகர மாட்டோம்.

கடையைச் சம்லீ பார்த்துக்கொள்கிறாள். பன்னிரண்டு வருடமாக என்னிடம் வேலை. ஊர் வடகிழக்கில் உதோன். ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்டவள்தான். "மழைக்கோட்ட எடுத்துக்கிட்டுப் போங்க சுபின் அக்கா. காய்ச்சல் வந்தா உங்க தலைவருங்களா கஞ்சி வப்பாங்க?" என்றாள்.

7 அக்டோபர்

நாடாளுமன்ற வாசலில் கண்ணீர்ப்புகைக் குண்டு பக்கத்திலேயே வெடித்தது. வலது காது இன்னும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போவதா? மாட்டேன்.

26 நவம்பர்

நேற்றிலிருந்து சுவர்ணபூமி விமான நிலையம் எங்கள் கையில். ஒரு விமானமும் எழும்பவில்லை. பயணிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் பாய் விரித்து, ஒட்டரிசிச் சோறும் வறுத்த கோழியும் தின்றோம். உலகமே பார்க்கட்டும்.

28 நவம்பர்

சம்லீயின் மாமனார் இறந்துவிட்டார். அவள் புருஷன் கொரியாவில், தொழிற்சாலையில். மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவர். போனில் சொன்னாள்.

"டிக்கெட் எடுத்துட்டாருக்கா. எறங்கத்தான் எடமில்ல. நீங்க அங்க உக்காந்திருக்கீங்க."

"நாட்டுக்காகத்தான் சம்லீ. கொஞ்சம் பொறுத்துக்க."

"உதோனும் இந்த நாட்டுலதான் இருக்கு."

போனை வைத்துவிட்டாள். என்ன பேச்சு இது? நான் மட்டும் இங்க சொகுசாவா கெடக்கேன்? எழுந்து போயிருக்கலாமோ – நான் ஒருத்தி எழுந்தால் விமானம் வந்துவிடுமா?

30 நவம்பர்

தகனம் முடிந்ததாம். அவள் புருஷனின் தம்பி கொள்ளி வைத்தானாம்.

3 டிசம்பர்

நேற்று நீதிமன்றம் ஆளுங்கட்சியைக் கலைத்தது. பிரதமர் பதவி போயிற்று. வென்றோம்! தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு இன்று வீடு திரும்பினேன். கடை பூட்டிக் கிடக்கிறது. சாவியைப் பக்கத்து மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு ஊருக்கே போய்விட்டாள் சம்லீ.

போகட்டும்.

3 ஜூலை 2011, ஞாயிறு

அதே ஆட்கள், வேறு கட்சிப் பெயரில், பெரும்பான்மையோடு வந்துவிட்டார்கள். 'யாருக்கும் இல்லை' என்று போடச் சொன்னார்கள் எங்கள் தலைவர்கள். போட்டேன்.

இரண்டரை வருடம் கழித்துச் சம்லீயைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்?

"உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க," என்றேன்.

"ஆமாக்கா. இந்தத் தடவ எத மூடப் போறீங்க?"

"தேவைப்பட்டா எல்லாத்தையும் மூடுவேன்டி."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவள் குரல் தணிந்தது.

"மூடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க."

போடுகிறேன் என்றேன்.