நீர் பார்த்து எடுத்த உழவு மிசின்

இன்றைக்குப் பரந்தனில் புதுப் பெயின்ற் மணம் மூக்கில் அடித்ததும் எனக்கு உம்முடைய நினைவுதான் வந்தது.

பக்கத்துக் காணிக் கந்தையா உழவு மிசின் வாங்கப் போகிறான். "அண்ணை, ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ" என்று விடியவே சைக்கிளோடு வந்து நின்றான். போனேன். சந்திக்குக் கிட்ட ஒரு வியாபாரியின் வளவில் இரண்டு மூன்று பழைய மிசின்கள் பூசி மினுக்கி நின்றன. கந்தையா ஒரு சிவப்பு மிசினைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதே முகத்தோடு நான் நின்றதை நீர் பார்த்திருக்கிறீர்.

நீர் கண்ணை மூடி இரண்டு காலபோக வெள்ளாமை கழிந்துவிட்டது. இந்த வீட்டில் இப்போது ஒரு ஆளுக்கு உலை வைக்கிறேன். எவ்வளவு அரிசி போடுவது என்பது இன்னும் பிடிபடவில்லை; மிஞ்சுகிற சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். சில நாட்களில் பொழுதுபடும்போதுதான் தெரியும், காலையிலிருந்து ஒரு வார்த்தை கூட வாயைத் திறந்து பேசவில்லை என்று.

வட்டக்கச்சிக்கு நாங்கள் வந்த புதிதில் இரண்டு எருதுகள் இருந்தன. ஒன்று நோய் வந்து செத்தது. தனி எருதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் விற்றோம். அதற்குப் பிறகு வாடகை மிசினை நம்பி இருந்தோம். மிசின்காரன் பெரிய காணிக்காரர்களுக்கெல்லாம் உழுது முடித்துவிட்டு எங்களிடம் வரும்போது மழை விழுந்துவிட்டது. புழுதியில் விதைக்க வேண்டிய வயல் சேறாகிப் போனது. அந்த வருடம் பாதி வயல் தரிசு. மரவள்ளிக் கிழங்கோடு மாசி வரைக்கும் இழுத்தோம். இன்னொரு போகம் அப்படிப் போயிருந்தால் காணியை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, என்னுடைய அண்ணையின் வீட்டுப் பின்னறையில் ஒதுங்க வேண்டியதுதான். அதை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் நீர் பானைக்குள் கையை விட்டு அரிசியை அளந்தபடி, "அந்த அறைக்கு யன்னலும் இல்லை" என்றீர். அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அடுத்த சிறுபோக வெள்ளாமை கைகொடுத்தது. ஆடுகளையும் விற்றோம். புது மிசினுக்கு அது கிட்டவும் வராது. பழசுதான் பார்க்க வேண்டும். நான் பரந்தனுக்கு வெளிக்கிட்டபோது நீரும் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றீர்.

"நீர் எங்கை?"

"நானும் வாறன்."

"மிசின் பாக்கப் பொம்பிளையள் வாறேல்லை."

"காசு போகேக்கை மட்டும் ரண்டு பேரின்ரையும் போகுதுதானே" என்றீர். இரண்டு பேருமாக வெளிக்கிட்டோம்.

அந்த வளவிலும் ஒரு சிவப்பு மிசின்தான் நின்றது. பெரிய சில்லு, பளபளவென்ற பூச்சு. நான் ஏறி இருந்து பார்த்தேன். இறங்க மனம் வரவில்லை. வியாபாரி மிசினை முறுக்கி ஓட வைக்கிற கைபிடியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அதற்குள் நீர் போய், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, மிசினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தீர்.

"இஞ்சருங்கோ, இது சுடுகுது."

"வெயில் தங்கச்சி, வெயில்" என்றார் வியாபாரி.

"வெயில் மேலைதானே படும். கீழையும் சுடுகுதே."

நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து, ஆறிக் கிடந்தால் ஓடாத மிசினை அவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். எனக்கு அது அப்போதும் உறைக்கவில்லை. "ஆற விடுங்கோ. நாங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு நீர் தெருவுக்கு இறங்கிவிட்டீர். தேநீர்க் கடைக்கு முன்னால் ஒரு வேப்பமர நிழலில் மத்தியானம் திரும்பும் வரைக்கும் இருந்தோம். போகிற வருகிறவர்களெல்லாம் எங்களைப் பார்க்கிற மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது. உம்மில் கோபமும் வந்தது. திரும்பிப் போனபோது அந்த மனிதர் வேர்வையில் சேட்டு நனைய நனைய முறுக்கினார். மிசின் இருமியது, புகைத்தது, ஓடவில்லை.

வீடு வரும் வரைக்கும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன். என்னை ஏமாற்றப் பார்த்தவரில் எனக்குக் கோபமில்லை. சிவப்பு மிசினைப் பறித்த உம்மில்தான் கோபம். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு முரசுமோட்டையில் ஒரு வயோதிபர் தன்னுடைய மிசினை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். மூட்டு வாதம் வந்து, வவுனியாவில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிற மனிதர். அது சின்ன மிசின். சாம்பல் நிறம், அதுவும் பாதி உரிந்து போயிருந்தது. ஆசனத்தில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு கோழி படுத்திருந்தது. எனக்குப் பார்த்த உடனேயே மனம் விட்டுப் போனது.

நீர் முதலில் மிசினைத் தொட்டுப் பார்த்தீர். குளிர்ந்திருந்தது. அவர் முறுக்கினார், மூன்றாவது முறுக்கில் ஓடியது. அதோடு விடாமல், "ஐயா, இதிலை என்ன பிழை இருக்கு?" என்று கேட்டீர். அப்படி ஒரு கேள்வியை விற்கிறவரிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் கியர்த் தடியைத் தட்டிக் காட்டினார். "மூண்டாம் கியர் நிக்காது பிள்ளை. தெருவிலை ஓடேக்கை கையாலை பிடிச்சுக்கொண்டுதான் ஓடவேணும். தண்ணியும் கொஞ்சம் ஒழுகும். வேறை ஒண்டும் இல்லை."

என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "குறையைத் தானே சொல்லுற மனிசனிட்டை வாங்கலாம்" என்றீர். "இதை எடுத்தால் கலப்பைக்கும் எண்ணெய்க்கும் கையிலை மிஞ்சும். எல்லாத்தையும் மிசினிலை போட்டுட்டு, அதைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறது?"

அன்றைக்கு மிசினை நான்தான் ஓட்டி வந்தேன். நீர் பின்சில்லை மூடியிருந்த மட்காட்டில் ஏறி இருந்து, குனிந்து, இரண்டு கையாலும் கியரை அமத்திப் பிடித்துக்கொண்டு வந்தீர். வட்டக்கச்சி வந்து இறங்கியபோது உம்முடைய உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. அப்படியும் சிரித்தீர்.

"எனக்கும் ஓடப் பழக்குங்கோ" என்று கேட்டபோது விளையாட்டாகத்தான் பழக்கினேன். அந்தப் புரட்டாதியில் நான் காய்ச்சல் வந்து படுத்தேன். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நீர் என்னுடைய பழைய சேட்டைச் சீலைக்கு மேலே போட்டுக்கொண்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வயலுக்கு இறங்கினீர். மூன்று நாள் உழுதீர். வாய்க்கால் வரம்பில் ஊர் கூடி நின்று பார்த்ததாம். "பொம்பிளை உழுத வயலிலை புல்லுத்தான் முளைக்கும்" என்று ஒருவர் சொல்ல, நீர் மிசினை அவருக்குக் கிட்டவாகத் திருப்பினீராம். புழுதியில் அவரைக் காணவில்லையாம். கந்தையா வந்து சொன்னபோது, நடுங்கிக்கொண்டு கிடந்த நானும் சிரித்தேன். விதைத்து முடித்து நாலாம் நாள் மழை விழுந்தது.

அந்தப் போகம் எங்களைக் காப்பாற்றியது. கதிர் சூடடித்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு அயலவர்கள் முற்றத்தில் வந்து இருந்தார்கள். "பூச்சைப் பாத்து மயங்காமல் நல்ல மிசினாப் பாத்து எடுத்திருக்கிறீர்" என்று எனக்குச் சொன்னார்கள். நான் என்ன சொன்னேன்? "ஓம், பாத்துத்தான் எடுத்தனான்" என்றேன். நீர் குசினிக்குள் அடுப்படியில் நின்றீர். எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தீர். என்னுடையதில் மட்டும் சீனி இருக்கவில்லை. மறந்தீரோ, வேண்டுமென்றுதான் செய்தீரோ, நான் கேட்கவில்லை. நீரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதையே சொன்னார்கள். எத்தனையோ தரம் நானும் தலையை ஆட்டினேன்.

உமக்கு நெஞ்சு நோ வந்த அன்றைக்கு வேறு வாகனம் அகப்படவில்லை. மிசினுக்குப் பின்னால் கொளுவுகிற பெட்டியில் வைக்கோல் பரப்பி, கந்தையாவின் மனைவியின் மடியில் உம்மைப் படுக்க வைத்துக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்கு ஓட்டினேன். அந்தக் கியரை நான் திருத்தவே இல்லை. "வாற போகம் பாப்பம்" என்று ஒவ்வொரு போகமும் சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டேன். ஒரு கை ஸ்ரியறிங்கில், ஒரு கை கியரில். திரும்பி உம்மைப் பார்க்கக்கூட முடியவில்லை. பின்னாலிருந்து உம்முடைய குரல் மட்டும் கேட்டது. "ஆறுதலா ஓடுங்கோ. விழுந்திடப் போறியள்." வீட்டில் இருந்து சொல்கிற மாதிரியே சொன்னீர். இரண்டாம் நாள் விடிய நீர் போய்விட்டீர்.

பிறகு கியரைத் திருத்தினேன். இப்போது ஒரு கையாலேயே ஓட்டலாம்.

இன்றைக்குக் கந்தையா என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் அண்டைக்கு எப்பிடிப் பாத்து எடுத்தனீங்கள்?" என்று கேட்டான். வியாபாரியும் நின்றார், வேறு நாலைந்து பேரும் நின்றார்கள்.

"நான் எடுக்கேல்லை. உன்ரை அக்கா, என்ரை மனிசிதான் எடுத்தவா. நான் எடுக்க இருந்தது ஓடாத மிசின்" என்றேன்.

அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அடங்கிவிட்டான். நடந்தது முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவன், "அப்ப நாளைக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றான். வாங்காமல் திரும்பினோம்.

வந்து கதவைத் திறந்தேன். இன்றைக்கு நான் இப்படிச் சொன்னேன் என்று யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாருக்குச் சொல்வது? குசினி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பரந்தனில், தெருவில் நின்றவர்களெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டேன். நீர் கேட்டுக்கொண்டு நின்ற அன்றைக்குச் சொல்லவில்லை. நீர் போன பிறகு எல்லாவற்றிலும் எனக்குப் பாரமாக இருப்பது, அன்றைக்கு நான் சொல்லாத அந்த ஒரு வசனம்தான்.