பல் விளக்காமல் வந்த இருபது பேர்

என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டே கேட்கும் மச்சானுக்கு,

நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. அங்கே பல்வலி இல்லையென்று நம்புகிறேன். கடைசிக் காலத்தில் ஒரு வாய் டீ குடிக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான் உங்கள் மகள் பல்லில் குடியிருக்கும் பாக்டீரியாவைப் படிக்கப் போனாள். இப்போது அவள் முனைவர் நந்தினி. நேற்று வாய்மொழித் தேர்வு முடிந்தது. கேள்வி கேட்டவர்கள் இரண்டு பேர் என்கிறாள் அக்கா. நான் ஊருக்குள் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் படித்தது என்ன தெரியுமா? பல்லின்மேல் வழவழவென்று ஒரு படலம் படிகிறது. அதற்குள் பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழ்ந்து, நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகின்றன. அதுதான் பல்லை அரிக்கிறது. ஆனால் அதே கூட்டத்தில் நல்லவையும் உண்டு. அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தால் அவை அம்மோனியா உண்டாக்கி அமிலத்தை மட்டுப்படுத்துகின்றன. முப்பது வருடம் டையிங் மாஸ்டராகச் சாயத் தொட்டியில் அமில அளவு, அதாவது பிஎச், பார்த்த எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? அமிலம் ஏறினால் நாம் சோடா போடுவோம். அவள் பாக்டீரியாவையே சோடா போட வைக்கிறாள். அந்த யோசனை என்னுடையது என்று சாமளாபுரம் வரை பேச்சு. பரப்பியவனும் நான்தான்.

உங்களிடம் மட்டும் ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தப் பட்டத்தைக் கெடுக்கப் பார்த்தவனும் நான்தான்.

கடைசிப் பரிசோதனைக்கு இருபது பேரின் பல்படலம் வேண்டும். ஆய்வகத்தில் சனி, ஞாயிறு இரண்டே நாள் அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தவறினால் ஒரு வருடம் போச்சு. "நம்ம சாய யூனிட்ல இருந்தே ஆள் தர்றேன் கண்ணு" என்றேன். எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டார்கள். "வெள்ளிக்கிழமையில இருந்து யாரும் பல்லு வெளக்கக் கூடாதுங்க மாமா" என்றாள்.

காதில் விழுந்தது. ஆனால் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் யூனிட்டைச் சோதிக்க வரும்போதும் எதுவும் மாற்ற வேண்டாம், இருந்தபடி இருக்கட்டும் என்றுதானே எழுதுகிறார்? திருப்பூரில் யார் அப்படி விட்டிருக்கிறோம்? வெள்ளையடித்துத் தரையைக் கழுவி அல்லவா நிற்போம்? சனிக்கிழமை காலை கேட்டில் நின்று ஆளுக்கொரு புது பிரஷ் கொடுத்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன்.

நந்தினி வந்தாள். முதல் வாய், இரண்டாவது வாய், மூன்றாவது வாய். சுரண்டி எடுக்கப் படலமே இல்லை. மாதிரி டப்பாவை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க மாமா, இப்படிப் பண்ணீட்டீங்க?"

அழுதிருந்தால்கூடத் தேவலை. நீங்கள் இருந்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பீர்கள்?

சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தால் நான் தண்ணீரைக் குறை சொல்வேன், துணியைக் குறை சொல்வேன். என்னைச் சொன்னதில்லை. அன்று இருபது பேர் முன்னால் நின்று, "தப்பு என்னுதுங்க. புள்ள சொன்னதை நான்தான் கேக்கல. நாளைக்கு லீவுதான், ஆனா எல்லாரும் பல்லு வெளக்காம வந்துருங்க" என்றேன்.

துணி மடிக்கும் சரசாள் எழுந்தாள். "காலைல வெளக்குன்னீங்க, இப்ப வெளக்காதேன்னீங்க. திங்கக்கெழமை பல்லையே கழட்டி வெக்கச் சொல்வீங்களா மாஸ்டர்?"

சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு அவளே, "மாஸ்டர் வாயில தப்புன்னு வந்ததுக்கே ஒரு லீவை விட்டுக் குடுக்கலாங்க" என்றாள்.

ஞாயிறு காலை இருபது பேரும் வந்தார்கள், மச்சான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்து ஆளிடம் முகம் திருப்பிப் பேசிக்கொண்டு. உங்கள் மகள் ஒவ்வொருவரையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, அர்ஜினைன் சேர்த்த குப்பிகளில் அமிலம் குறைந்தே நின்றது. அளவைக் காட்டினாள், வாசிக்க விடாமல் என் கண்ணைத்தான் தண்ணீர் மறைத்தது. மருந்தென்று ஊரில் சொல்லாதீர்கள், இன்னும் நிறைய வேலை இருக்கிறது என்கிறாள். நான் அதற்குள் சொல்லிவிட்டேன்.

பட்டமளிப்பு விழாவில் உங்கள் இடத்தில் நான் உட்காருவேன். யார் கேட்டாலும், "எல்லாம் அவளே செஞ்சதுங்க" என்று மட்டும் சொல்வேன். இது சத்தியம். அந்த ஒரு நாளைக்கு மட்டும். மறுநாளுக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

உங்கள் மனைவியின் உடன்பிறந்தவன்,
முனைவர் நந்தினியின் ஒரே தாய்மாமன்