பூட்டு வைத்த டி.வி.

அம்பத்தூர், 11-10-1986

மனைவி லோகநாயகிக்கு என் அன்பும் ஆசியும்.

எழுத நினைத்தவை:
1. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?
2. வேலைக்காக நான் எடுத்திருக்கும் இந்த வீட்டுக்கு, தையில் நீ வருமுன் டி.வி. வாங்கிவிடலாம்.
3. கதவும் பூட்டும் உள்ள பெட்டிதான் நல்லது. இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைப் பாட்டுக்குத் தெருவே நம் வீட்டில் உட்காரும்.

நேற்று அந்தப் பாட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுத் தாட்சாயிணி பார்த்துவிட்டார்.

"இன்னா சார், இங்க நின்னுகினு கீறீங்க? உள்ளாற வாங்க, டிக்கெட்டா கேக்கப் போறோம்?"

கூட்டத்தின் நடுவே இடம் கொடுத்தார்கள். இந்த ஊருக்கு வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுதான். நீ எப்போது வருவாய் என்று எல்லோரும் கேட்டார்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டு வா. கம்பெனியில் சங்கு ஊதிவிட்டார்கள், வேலைக்குக் கிளம்ப வேண்டும். மூன்றாவதாக எழுதியது தவறு. பூட்டு வேண்டாம், பெரிய பாயாக இரண்டு எடுத்து வா.

பக்தவத்சலம்