சித்தப்பா நின்ற மெஷின்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். சித்தப்பாவுக்கு லேசான அடி என்று அம்மா போனில் சொன்னது பொய்யம்மா, நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று அப்படிச் சொல்லிவிட்டாள். அவனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

எங்கள் பேக்டரியில் எல்லா மெஷினிலும் தீப்பெட்டி அளவில் சென்சார் ஒட்டினார்கள் என்று முன்பு சொல்லியிருந்தேனே, சூடு, அதிர்வு எல்லாம் அந்தந்த நொடியே ஆபீஸ் திரையிலும் மேனேஜர் போனிலும் தெரியும். சித்தப்பாவுக்குத்தான் அதில் கொள்ளை சந்தோஷம், "மெஷினுக்கு நாடி பிடிச்சுப் பாக்க ஆள் வந்தாச்சு அண்ணே, நமக்குத்தான் யாருமில்ல" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தான். அன்றைக்குக் காலையிலிருந்தே அவனுடைய தகடு உருட்டும் ரோலர் மெஷினில் சிவப்பு விளக்கு, ரோலரைத் தாங்கும் பேரிங் தேய்ந்து அதிர்வு ஏறியிருந்தது. சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மேனேஜரும் பார்த்தார், போன் ஓயாமல் கத்துகிறது என்று சத்தத்தை அணைத்துவிட்டு, "லாரியில லோடு ஏறட்டும், சாயங்காலம் நிறுத்திப் பாக்கலாம்" என்று சொல்லியனுப்பினார். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே பேரிங் உடைந்து ரோலர் எகிறியது, தகட்டோடு சேர்த்து அவன் கையையும் இழுத்துக்கொண்டது. பக்கத்து வரிசையில் நின்ற நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், "மேல இருக்கறவங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்கன்னு நம்பி நின்னேன் அண்ணே" என்றான். சிவப்பு எரிவது தெரிந்தும் நின்றது அவன் தப்பு என்று கம்பெனி சொல்லிவிட்டது, யூனியன்காரர் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போகிறார். சித்தி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை, அழவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மெஷினைச் சரிசெய்து என்னை அங்கே நிற்கச் சொன்னார்கள், நிற்கிறேன். இந்த வாரம் மறுபடியும் சிவப்பு எரிகிறது, போய்ச் சொன்னேன், "பாத்தாச்சு" என்றார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று நீ சொல்வாய், இந்த வயதில் என்னை வேறு எவன் சேர்த்துக்கொள்வான் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குப் போன் போடு, மறந்துவிடாதே. எடுக்கத் தாமதமானால் வைத்துவிடாதேம்மா, இடது கையால் எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறான்.

உன் நலமே விரும்பும்
அப்பா