அருள் வந்த முகம்

என்னங்க,

போனைத் தொடவே பயமாக இருக்கிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். சிங்கப்பூரில் வேலை எப்படி? கால் வலி குறைந்ததா?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுத்தபோது எனக்கு அருள் வந்ததை யாரோ வீடியோ எடுத்து டிக்டாக்கில் போட்டார்கள் என்று சொன்னேனே. கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். படிக்காமல் இருக்க முடியவில்லை. கண் செருகி, நாக்கு தொங்கும் அந்த முகம் இப்போது வாட்ஸ்அப் ஸ்டிக்கர்.

அதன் பிறகு ஒரு நாள் காலை வேலைக்குப் போக பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினேன். "ஓவர்டைம்னா நம்ம மூஞ்சி இப்படித்தான்லா" என்று கூட வேலை செய்யும் குமுதா போனில் அந்த ஸ்டிக்கரைக் காட்ட, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடங்கிப் போனார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை.

விபத்துக்குப் பிறகு நீங்கள் எழுந்து நடந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். நடந்தீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று அந்த ஸ்டிக்கர் நம் குடும்பக் குரூப்புக்கும் வந்தது. உங்கள் தம்பிதான் போட்டிருந்தார். அதற்குக் கீழே முதல் சிரிப்பு எமோஜி உங்களுடையது.

கை தவறிப் பட்டுவிட்டது என்று மட்டும் பதில் போடாதீர்கள். நம்பிவிடுவேன்.

உங்கள் மனைவி