ராஜு கொழும்பில் இல்லை

மழைநகரத்தின் எல்லாக் குரலுமாக இருந்த என் அண்ணனுக்கு,

நம்முடைய கார்ட்டூன் திரும்பி வந்திருக்கிறது. 'மழைநகர்க் காவலர்'தான், வேறென்ன. யாரோ புதிய ஆட்கள் சேர்ந்து முதலிலிருந்து வரைந்து, புதுப் பாட்டுப் போட்டு இறக்கியிருக்கிறார்கள். நீ போன இந்த இரண்டு வருடத்தில் உனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தும் நான் பேனாவை எடுக்கவில்லை. ஒரு கார்ட்டூனுக்காக எடுத்திருக்கிறேன். சிரிக்காதே.

விளம்பரத்தை முதலில் பார்த்தது கலஹா பஸ்ஸில். கண்டியில் வாடகை அறை, அங்கேயே மருந்துக்கடையில் வேலை, ஞாயிறு ஆனால் அண்ணியையும் உன் மகளையும் பார்க்க கலஹாவுக்கு வருவது என்று என் வாழ்க்கை ஓடுகிறது. பேராதனையில் பஸ் நின்றது. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு எழும்பாமலே போன பஸ் தரிப்பிடத்தை நான் ஒரு ஞாயிறும் பார்ப்பதில்லை; அந்த இடம் வந்ததும் போனை எடுத்துவிடுவேன். அன்றும் எடுத்தேன். கறுத்த திரையில் மழை பெய்தது, ஒரு குடை விரிந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். மழை நிற்காத ஒரு நகரம். தேங்கிய தண்ணீருக்குள்ளிருந்து நிழல்கள் ஏறி வந்து ஆட்களைப் பிடிக்கும். குடையையே ஆயுதமாக வைத்திருக்கிற காவலர்கள் அவற்றோடு சண்டை பிடிப்பார்கள். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அது டிவியில் சிங்களத்தில் பின்னேரம் போகும்.

எனக்கு ஏழு வயது, சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. உனக்குப் பதின்மூன்று, கீழ்க் கிராமத்துப் பையன்களோடு கிரிக்கெட் ஆடி ஆடி நன்றாகவே பிடித்திருந்தாய். நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டு, அதன் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, முகத்தை என் பக்கம் திருப்பி உட்காருவாய். படம் எனக்கு, காது உனக்கு. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வருவதற்குள் ஒரு நகரத்துச் சனம் முழுவதும் உன் வாயால் தமிழ் பேசிவிடும்.

குடை பிடித்த பெண்ணுக்கு ராணி என்று பெயர் வைத்தாய். அவளைக் காப்பாற்றி வளர்க்கிற உயரமான காவலர் ராஜு. நிழல்களின் தலைவனை நீ தோட்டத்தில் வேலை வாங்கிப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை ஆக்கியதுதான் பெரிய கூத்து. "ஒழுங்கா ஆளப் புடிக்காத நிழலுக்கெல்லாம் இன்னைக்கி அரைப் பேருதான் போடுவேன்" என்று பாதி நாள் சம்பளத்தை வெட்டி அவன் கத்தும்போது, பக்கத்து வீட்டுக்காரர்களும் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று சிரிப்பார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, புதியதைப் பற்றிச் சொல்கிறேன். முதல் பாகத்தை சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, ஆங்கில எழுத்தோட்டத்தை வாசித்துக்கொண்டே பார்த்தேன். அழகாக இருக்கிறது, அண்ணே. எனக்குக் கோபமே அதில்தான். ஒவ்வொரு மழைத்துளியையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். தெரு விளக்கின் மஞ்சள் தண்ணீரில் கலங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சண்டை வந்தால் கோடுகள் உடைந்து மை கொட்டிய மாதிரிச் சிதறுகின்றன, பிறகு ஒரு நொடி எல்லாம் அசையாமல் நிற்கிறது.

குறையும் இருக்கிறது. ஆட்கள் எல்லாரும் கல்யாண அல்பத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள், ஒருவருக்காவது சளி பிடித்த முகம் இல்லை. நாள் முழுக்க மழையில் நிற்கிறவர்களுக்கு மூக்கு ஒழுகாதா? கணக்கப்பிள்ளையைப் பார்த்தால் சினிமாக் கதாநாயகன் தோற்றுப்போவான். பழைய எக்காளப் பாட்டை எடுத்துவிட்டு, ஒரு பெண் மூச்சுவிடுவது போல ஏதோ முனகுகிறாள். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நல்ல கை வரைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என்னை முதலில் இடறியது சால்வை. ராஜு கழுத்தில் போட்டிருப்பது சிவப்புச் சால்வை என்று நீதான் சொன்னாய். நான் பள்ளிக்கூடத்தில் வரைந்த ராஜுவுக்கெல்லாம் சிவப்பு மையே தீர்ந்துபோயிருக்கிறது. புதிய படத்தில் அது நீலம். மாற்றிவிட்டார்களே பாவிகள் என்று பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். அன்றைக்கும் அது நீலம்தான், அண்ணே. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் உனக்கு மட்டும் எப்படி நிறம் தெரிந்தது என்று கேட்க எனக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை.

சிரித்துக்கொண்டுதான் மீதியைப் பார்த்தேன். பாகம் முடிகிற நேரம், பாலத்தின் கீழே ராணியை நிழல்கள் சுற்றிக்கொள்கின்றன. ராஜு குடையை அவளிடம் எறிந்துவிட்டு வெறுங்கையோடு தண்ணீருக்குள் இறங்குகிறார். நிறமெல்லாம் வடிந்து திரை வெள்ளையாகிறது. சத்தமே இல்லை. பிறகு தண்ணீரின் மேல் சால்வை மட்டும் வருகிறது. ராணி அதை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொள்கிறாள்.

அந்த அமைதியில் எனக்கு உன் குரல் கேட்டது. நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய். என் அறையில், இடது காதுப் பக்கம், பதின்மூன்று வயதுக் கரகரத்த குரல்: "ராஜு கொழும்புக்கு வேலைக்கிப் போறாரு. சால்வைய தங்கச்சிக்கு குடுத்துட்டுப் போறாரு." திரும்பியும் பார்த்தேன். அலுமாரிதான் இருந்தது.

அதற்குப் பிறகும் பழைய கதையில் ராஜு வந்துகொண்டே இருந்தாரே, அண்ணே. ராணி வானத்தைப் பார்த்துச் சும்மா நிற்கிற இடமெல்லாம் அவர் பேசுவார். "பயப்படாத, நான் கொழும்புலதான் இருக்கேன், லீவு கெடச்சதும் வர்றேன்" என்பார். அவர் வாயசைப்பதை நான் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பேசுகிறவரின் வாய் எப்படித் தெரியும் என்று இருந்துவிட்டேன். முப்பத்து மூன்று வயதில், சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பெண் எனக்கு, ராஜு செத்தது சனிக்கிழமைதான் தெரிந்தது.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று புரியவும் அதிக நேரம் ஆகவில்லை. கொழும்பில் கட்டட வேலைக்குப் போன அப்பா அங்கேயே விழுந்து செத்த மாதம் அது. எனக்கு அம்மை போட்டு பன்விலவில் சின்னம்மா வீட்டில் கிடந்தேன். நான் திரும்பி வருவதற்குள் அப்பாவைப் புதைத்து எல்லாம் முடிந்திருந்தது. அப்பா எங்கே என்றேன். "கொழும்புல வேலை, லீவு இல்ல" என்று நீயும் அம்மாவும் ஒரே வாயாகச் சொன்னீர்கள்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் இந்தப் பாகம் வந்திருக்க வேண்டும். காதை ஸ்பீக்கரில் வைத்திருந்த உனக்கு ராஜு செத்த செய்தி முதலில் விழுந்திருக்கும். எதிரே என் முகம். யோசிக்க உனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்திருக்குமா? அந்தப் பையனை இப்போது நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. உன் அப்பாவுக்காக நீ எங்கே போய் அழுதாய், அண்ணே?

அந்தப் பொய் நவம்பர் வரைக்கும்தான் தாங்கியது. மரித்தவர்களை நினைக்கிற நாளில் கல்லறைக்கு எல்லாரும் மெழுகுதிரியோடு போனோம். தாத்தாவுக்கு ஏற்ற என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனீர்கள். கலகெதரவிலிருந்து வந்த அத்தைக்கு எனக்கு எதுவும் தெரியாது என்பது தெரியாது. ஒரு திரியைக் கையில் கொடுத்து, புது மண் குவிந்திருந்த இடத்தைக் காட்டி, "அப்பாவுக்கு நீயே ஏத்து புள்ள" என்றார். நான் ஏற்றினேன். வீட்டுக்கு வரும் வழியில் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அப்ப ராஜுவும் இப்பிடித்தானா?" நீ நடப்பதை நிறுத்தாமலே, "இல்ல, ராஜு கொழும்புலதான்" என்றாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் இருந்த சிக்கல் ஜெனி. உன் மகளுக்கு இப்போது ஏழு முடிந்துவிட்டது. உன் சவப்பெட்டியைப் பார்த்தாள், மண்ணும் போட்டாள், ஆனால் அன்றிலிருந்து உன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நீ அவளுக்கும் ராணி, ராஜு, கணக்கப்பிள்ளை என்று குரல் மாற்றிக் கதை சொல்லியிருந்தாய். புதியது வந்திருக்கிறது, அத்தை கொண்டுவருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தாயிற்று. ராஜு செத்தது தெரிந்தால், உன் குரலில் அவளுக்கு மிச்சமிருக்கிற ஓர் ஆளும் போய்விடுவார். நீ எனக்குச் செய்ததை நானும் அவளுக்குச் செய்வதா? பஸ்ஸில் வாய்க்குள்ளேயே ராஜுவாகப் பேசிப் பார்த்தேன். எனக்கு உன் குரல் வரவில்லை.

பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, என் கணினியைக் கதிரையில் வைத்து இருவரும் தரையில் உட்கார்ந்தோம். அண்ணி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பாலத்தடிக் காட்சி வந்தது. திரை வெள்ளையானதும் ஜெனி படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கொழும்பு என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. ஏழு வயதில் மெழுகுதிரியோடு நின்ற பெண் அதை வெளியே விடவில்லை.

"ஜெனி, அவரு செத்துட்டாருடா" என்றேன்.

"தெரியும் அத்தை."

"எப்பிடித் தெரியும்?"

"அப்பா சொன்னாரு. அத்தைக்கு அது தெரியாது, ராஜு கொழும்புல இருக்காருன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு, சொல்லிப்புடாத, பாவம்னு சொன்னாரு. அதான் நான் வாயே தெறக்கல."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. என்னை அழவிடக் கூடாது என்று இந்தச் சின்னது இவ்வளவு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறது. எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

"அப்பா சாவுறதுக்குக் கொஞ்சம் முந்தி. ராஜு செத்தப்ப ராணி நல்லா அழுதாளாம். அப்பறம் கொடைய எடுத்துக்கிட்டு வேலைக்கிப் போனாளாம். நீயும் அப்பிடித்தான் இருக்கணும்னு சொன்னாரு."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்கிப் போய்ட்டு வந்தாரு ஸ்டெல்லா" என்றார். "என்னான்னு கேட்டா வயித்துல கேஸ்டிக்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

அண்ணே, நீயும் என்ன செய்துவைத்திருக்கிறாய்? நீ போகப் போவது உனக்குத் தெரிந்திருந்ததா? மருந்துக்கடையில் நிற்கிறவள் நான். எந்த மருந்துச் சீட்டைக் காட்டினாலும் எந்த வருத்தம், எந்த நோய் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்றுதானே, ஒரு மருந்து வில்லை வாங்கக்கூட நீ என் கடைப் பக்கம் வரவில்லை? அல்லது உனக்கும் ஒன்றும் தெரியாமல், பிள்ளைக்கு ஏதோ ஒரு கதையைத்தான் சொன்னாயா? இரண்டு நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடையில் நெஞ்சு வலி என்று யாராவது சீட்டை நீட்டினால் ஆளின் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறேன். பதில் சொல்ல அம்மாவும் இல்லை, அவளும் உன் பக்கத்தில்தான் கிடக்கிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம். என்னால் தாங்க முடியாது என்று எப்படி முடிவு கட்டினாய்? அப்பாவுக்கு நான் திரி ஏற்றவில்லையா, உனக்கு ஏற்றவில்லையா? ஐந்து வயதுப் பிள்ளை தாங்கும் என்று நம்பியிருக்கிறாய். அவளிடம் சொன்னதில் கால்வாசியை என்னிடம் சொல்லியிருந்தால், உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் உட்கார வைத்திருப்பேன். நீ இன்றைக்கு இருந்திருப்பாயோ என்னவோ. அந்த 'என்னவோ'தான் என்னைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது.

ஜெனிக்காக உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவளை எனக்காக இனி எதையும் மூடிவைக்க விடமாட்டேன், நானும் அவளுக்காக மூடிவைக்க மாட்டேன். வருகிற ஞாயிறு பேராதனையில் அவளோடு இறங்கி, அப்பா உட்கார்ந்தது இந்த இடம் என்று காட்டப் போகிறேன். அண்ணியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு முன்னமே தெரியுமா என்று அவள் கேட்பாள், கேட்கிற பிள்ளைதான் அவள். எனக்குத் தெரியாது, என்னிடம் அவர் சொல்லவில்லை என்று சொல்லுவேன்.

நீ கடைசிவரை ஏழு வயதிலேயே வைத்திருந்த உன் தங்கச்சி,
ஸ்டெல்லா