ஐந்தாம் வாரத்தில் வெளியேறியவர்

மார்ச் 3, திங்கள்

இன்று ஏழு மாடிக் கட்டடத்து லிஃப்ட் கதவு மூடாமல் அடம்பிடித்தது. சென்சாரில் தூசி. துடைத்தேன், மூடியது. உலகத்தில் பாதிப் பிரச்சினை இப்படித்தான். துடைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் இன்னொரு துடைப்பு. நான் சும்மா இருக்கும் நேரத்தில் திருத்தும் இணையக் கலைக்களஞ்சியத்தில், அந்த டிவி சமையல் போட்டிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் யாரோ ஒரு பக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவருக்கு இருக்கட்டும். மற்றவர்கள் என்ன கிழித்தார்கள்? வெங்காயம் நறுக்கினார்கள், அழுதார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஒரே நிகழ்ச்சியால் மட்டும் தெரிந்தவருக்குத் தனிப் பக்கம் கூடாது என்று விதியே இருக்கிறது. பத்துப் பேரை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தேன்.

பதினோராவது ஆளை விட்டுவிட்டேன். ஐந்தாம் வாரத்தில் வெளியேறியவர். என் அக்கா.

ஏன் விட்டேன்? தூக்கம் வந்தது. அதனால்தான்.

மார்ச் 4

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எனக்கு 'திருப்புளி' என்று பெயர். நிர்வாகிகளில் ஒருவர் 'தராசு'. ஆணா பெண்ணா, என்ன வயது, ஒன்றும் தெரியாது. காலையிலேயே கேட்டிருந்தார்: "பத்தோடு நின்றுவிட்டதே, பதினொன்று என்ன பாவம் செய்தது?"

ரோஷம் வந்துவிட்டது. அக்கா பக்கத்தையும் சேர்த்துவிட்டேன். லிஃப்டில் எடை மீறினால் மணி அடிக்கும். ஏறியது மந்திரியா மாமனாரா என்று அது பார்க்காது. நானும் பார்க்க மாட்டேன்.

அவள் என் அக்கா என்று சொல்லவில்லை. சொன்னால்தானே பாரபட்சம்?

மார்ச் 6

அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"டேய், என் பக்கத்துக்கு மேல சிவப்புக் கட்டம் போட்டிருக்காங்கடா. நீக்கலாமா வேணாமான்னு பேசிட்டு இருக்காங்களாம். எவனோ திருப்புளியாம். ஊர்ல வேற வேலையே இல்லையா அவனுக்கு?"

"தெரியலக்கா."

"உனக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் எழவெல்லாம் தெரியுமே, பாரேன். சமையல் கல்லூரியில டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன்ல, அதுல அந்தப் பக்கத்தோட லிங்க்கைத்தான் குடுத்திருக்கேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அவங்க திறந்து பாக்குறப்ப ஒண்ணுமே இல்லன்னா, நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்டா."

பார்க்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்ப்பது? கண்ணாடியையா?

மார்ச் 8, சனி

அக்கா வீட்டில் சாப்பாடு. அம்மாவும் வந்திருந்தாள். ஒன்றும் தெரியாதவன்போல அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். மொத்தமே ஆறு வரி. அதில் நான்கு, ஐந்தாம் வாரத்தில் மூன்றடுக்குக் கேக்கை நடுவர் மேசைக்குக் கொண்டுபோகும்போது அவள் கீழே போட்ட கதை.

"பக்கம் இருக்கட்டும். இந்த நாலு வரியை மட்டும் தூக்கிடு," என்றாள் அக்கா.

"முடியாது. அதுக்குத்தான் பேப்பர்ல செய்தி இருக்கு. அதைத் தூக்கினா மிச்சத்துக்கு ஆதாரமே இல்ல."

"எட்டு வருஷமா ஆர்டர் எடுத்து கேக் செய்றேன். அதுல ஒண்ணுகூட விழல. அதெல்லாம் எழுத மாட்டாங்களா?"

"விழாத கேக்கைப் பத்தி எந்தப் பேப்பர்க்காரன் எழுதுவான்?"

"அப்ப விழுந்ததுதான் நானா?"

ஆதாரம் இல்லாததை எழுத முடியாது என்று மறுபடி ஆரம்பித்தேன். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்தினாள். "உன்னைப் பெத்தது எந்தப் பேப்பர்லடா வந்துச்சு? நான் சொன்னதை நம்பித்தானே என்னை அம்மான்னு கூப்பிடுற?"

அக்கா சிரித்தாள். நானும்.

மார்ச் 9

பக்கம் தகுதியானதா இல்லையா? இல்லை. ஆறு வரி, ஒரு கேக். இல்லவே இல்லை. அப்படியென்றால் போன மாதம் நான் காப்பாற்றினேனே, ஒரே ஒரு கோல் போட்டு அதையும் சொந்த வலைக்குள் போட்ட கால்பந்துக்காரர், அவர் மட்டும் எப்படி? பந்து விழுந்தால் வரலாறு, கேக் விழுந்தால் குப்பையா?

'வைத்திருக்கலாம்' என்று எழுதினேன். அழித்தேன். 'நீக்குக' என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.

மார்ச் 10, திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தில் முன்பு அவள் அழும் டிவிப் படம் இருந்தது. அது சேனலின் சொத்து, போடக் கூடாது. அதனால் போன வருஷம் நானே ஒரு படம் எடுத்து ஏற்றியிருந்தேன். அவள் வீட்டுச் சமையலறை. கரண்டியில் கிரீமை எடுத்து, ருசி பார் என்று கேமராவுக்கு நேரே நீட்டுகிறாள். கீழே விதிப்படி போட்டேன்: 'சொந்தப் படைப்பு, திருப்புளி.'

தராசு இன்று கேட்டிருக்கிறார்: "நீக்கச் சொல்பவரின் வாய்க்கே இவர் கரண்டியை நீட்டுகிறாரே. உறவா?"

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. வேண்டப்பட்டவன் என்கிறார் ஒருவர். சொத்துத் தகராறாக இருக்கும் என்கிறார் இன்னொருவர். 'உடன்பிறந்தவன்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினேன்.

மார்ச் 11

அக்காவே போன் செய்தாள். "அந்தப் போட்டோ நீ எடுத்ததுதானேடா?"

"ம்."

"அப்ப திருப்புளி...?"

"ம்."

"நான் உங்கிட்டயே வந்து உன்னைத் திட்டியிருக்கேன். நீயும் கேட்டுட்டு இருந்திருக்க."

"அக்கா, விதின்னு ஒண்ணு—"

வைத்துவிட்டாள்.

மார்ச் 12

எடை மணி அடித்த லிஃப்டில் இன்று ஒரு வேடிக்கை. எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் இறங்க வேண்டும். யாரும் அசையவில்லை. கடைசியில், கதவைச் சோதிக்க முதலில் ஏறிய நானே இறங்கினேன். மணி நின்றது. மணி சரியாகத்தான் அடித்தது. யார் இறங்குவது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை.

மார்ச் 13

முடிவு வந்துவிட்டது. பத்துப் பேரின் பக்கங்களும் போயின. அவர்கள் பெயரைத் தட்டினால் இனி அந்த நிகழ்ச்சியின் பக்கத்துக்குத்தான் போகும்.

அக்காவுடையது மட்டும் இருக்கிறது! தராசின் குறிப்பு: "பரிந்துரைத்தவர் உறவை மறைத்ததால் இந்தப் பரிந்துரை மட்டும் செல்லாது. பக்கம் நீடிக்கும்."

சலுகை காட்டக் கூடாது என்றுதானே அவளைச் சேர்த்தேன்? சேர்த்ததால்தான் தப்பித்தாள். சொந்தத் தம்பி இல்லாத பத்துப் பேர் போய்விட்டார்கள். இதில் எது நியாயம்? எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

செய்தி மட்டும் அனுப்பினேன். பதில் இரண்டு வரி: "கூட ஆடினவங்க எல்லாரையும் தூக்கிட்டு என்னை மட்டும் வெச்சிருக்கியா? அவங்க மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

மார்ச் 14, வெள்ளி

இன்டர்வியூ. நான் கூப்பிடவில்லை. அவளும்.

மார்ச் 16, ஞாயிறு

போனேன். வாசலில் நிற்கவைத்தே பேசினாள்.

"முதல் கேள்வியே கேக்தான். ஏன் சரிஞ்சுதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கிரீம் இறுகலை, நடுவுல தாங்கு குச்சி வைக்கலை, அவசரப்பட்டேன்னு சொன்னேன். போர்டுல வரைஞ்சே காட்டிட்டேன். முதல் வகுப்பே அதை எடுங்கன்னுட்டாங்க."

"அப்ப வேலை...?"

"கிடைச்சாச்சு. உன் புண்ணியத்துல இல்ல, கேக் புண்ணியத்துல." பிறகு சொன்னாள்: "உள்ள வா. ஆனா முதல்ல அங்க எழுது, நான் உனக்கு யாருன்னு. ஒளிச்சு வெச்சுக்கிற மாதிரி நான் என்ன பண்ணிட்டேன்?"

நின்ற இடத்திலேயே எழுதினேன். என் பயனர் பக்கத்தில் இதுவரை லிஃப்ட், மோட்டார், மின்சுற்று தவிர ஒன்றும் இருந்ததில்லை. இப்போது கடைசியில் ஒரு வரி: 'ஐந்தாம் வாரத்தில் வெளியேறியவர் என் அக்கா. அவர் பக்கத்தை இனி நான் தொட மாட்டேன்.'

சாப்பிட்டுவிட்டுத் திறந்து பார்த்தால், 'என் அக்கா' என்பதற்குப் பக்கத்தில் தராசு பொடி எழுத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்: 'சான்று தேவை'.

சாப்பிட வந்திருந்த அம்மாவிடம் காட்டினேன். "எங்க வந்து சொல்லணும்னு கேளு," என்றாள்.

விதிப்படி சரிதான். அந்தக் குறிப்பை எடுக்கவில்லை.